லிம்பிக் மண்டலம்

லிம்பிக் மண்டலம் என்பது பெருமூளையின் உட்பகுதியில், மூளைத்தண்டின் மேல்முனையைச் சுற்றி வளையம்போல் அமைந்து, நினைவு, உணர்ச்சி ஆகியவற்றில் பங்கேற்கும் பல பகுதிகளைக் குறிக்கும் கூட்டுப் பெயர் ஆகும். ஹிப்போகாம்பஸ், அமிக்டலா, மாமில்லரி முடிச்சுகள், தலாமசின் முன்பகுதி, சிங்குலேட் மடிப்பு ஆகியனவும் இவற்றை இணைக்கும் நரம்பிழைக் கற்றைகளும் பொதுவாக இதில் சேர்க்கப்படுகின்றன. ஹைப்போதலாமசையும் நெற்றி மடலின் அடிப்பகுதியையும் சேர்ப்பவர்களும் உள்ளனர். இதயம், ஈரல் போல இது எல்லை வரையறுக்கப்பட்ட ஓர் உறுப்பு அன்று. எதைச் சேர்ப்பது, எதை விடுப்பது என்பது நூலுக்கு நூல் வேறுபடும்.

நினைவும் உணர்ச்சியும் ஒரே மண்டலத்தின் தொழில்கள் என்று பள்ளிப் பாடநூல்களில் கூறப்படுவது வழக்கம். ஆனால், இப்பகுதிகளில் சேதமுற்ற நோயாளிகளை ஆராய்ந்ததில் ஒன்று கெட்டு மற்றொன்று கெடாமல் இருக்கக்கூடும் என்பது தெளிவாகியுள்ளது. இம்மண்டலத்தைப் பற்றி இன்று அறியப்பட்டுள்ளவற்றில் பெரும்பகுதி நோயாளிகளிடமிருந்தே கற்றுக்கொள்ளப்பட்டதாகும்.

பெயர்

பிரெஞ்சு மருத்துவர் பால் புரோக்கா 1878 ஆம் ஆண்டில் பாலூட்டிகள் பலவற்றின் மூளைகளை ஒப்பிட்டு ஆராய்ந்தார். அரைக்கோளத்தின் உட்பக்கத்தில் மூளைத்தண்டைச் சூழ்ந்து செல்லும் புறணிப் பகுதி அவை எல்லாவற்றிலும் இருப்பதைக் கண்டு, அதனைப் 'பெரிய லிம்பிக் மடல்' என அழைத்தார். இலத்தீன் மொழியில் 'லிம்பஸ்' என்பது விளிம்பு அல்லது ஓரத்தைக் குறிக்கும். இப்பெயர் இடத்தைச் சுட்டியதே அன்றித் தொழிலைச் சுட்டவில்லை. புரோக்கா அதனை முதன்மையாக மோப்பத்துடன் தொடர்புடைய பகுதியாகவே கருதினார்.

'லிம்பிக் மண்டலம்' என்ற சொல்லை 1952 ஆம் ஆண்டில் வழக்கிற்குக் கொண்டுவந்தவர் அமெரிக்க மருத்துவரான பால் மக்லீன் ஆவார். மனித மூளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட மூன்று மூளைகளால் ஆனது என்றும், அடியில் ஊர்வனவற்றின் மூளையும், நடுவில் பழைய பாலூட்டிகளின் உணர்ச்சி மூளையும், மேலே சிந்திக்கும் புதிய மூளையும் உள்ளன என்றும் பின்னாளில் அவர் விளக்கினார். இவ்விளக்கம் எளிதாக நினைவில் நிற்பதால் இன்றும் பொதுமக்களுக்கான நூல்களில் திரும்பத் திரும்ப வருகின்றது. ஆயினும் ஆய்வாளர்கள் இதனை ஏற்பதில்லை. ஹிப்போகாம்பசுக்கும் அமிக்டலாவுக்கும் ஒத்த பகுதிகள் ஊர்வனவற்றிலும் உள்ளன. படிவளர்ச்சி பழைய மூளையின்மேல் புதிய மூளையை ஏற்றி வைக்கும் முறையில் நடைபெறவும் இல்லை.

அமைப்பு

ஹிப்போகாம்பஸ், காதுக்கு மேலே நெற்றிப்பொட்டுக்கு உட்புறமாக அமைந்த பொட்டு மடலின் உள்விளிம்பில், பக்கத்திற்கு ஒன்றாக இரண்டு உள்ளன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 4 முதல் 5 செ.மீ. வரை நீளமுடையது. இத்தாலிய உடற்கூற்றியலாளர் அரான்சி 16 ஆம் நூற்றாண்டில் இதன் வளைந்த உருவத்தைக் கண்டு, கிரேக்க மொழியில் கடற்குதிரையைக் குறிக்கும் இப்பெயரை இட்டார். பட்டுப்புழுவைப் போலவும் உள்ளது என்று அவரே எழுதியதால், அவர் கண்ட உவமை அவருக்கே முழு நிறைவு தரவில்லை எனலாம். எனினும், ஃபார்னிக்ஸ் என்னும் நரம்பிழைக் கற்றையுடன் சேர்த்துப் பிரித்தெடுத்தால் அது உண்மையாகவே கடற்குதிரையை ஒத்திருக்கும்.

அமிக்டலா ஹிப்போகாம்பசின் முன்முனையை அடுத்து, வாதுமைப் பருப்பு வடிவில் உள்ளது. பெயரின் பொருளும் அதுவே. ஒரே பருப்புப் போலத் தோன்றினாலும் இது பல நரம்பணுத் திரள்களின் தொகுதியாகும். மாமில்லரி முடிச்சுகள் மூளையின் அடிப்பரப்பில் ஹைப்போதலாமசின் பின்முனையில் புடைத்து நிற்கும் இரு சிறிய உருண்டைகள்.

பார்வை, கேள்வி, தொடுகை ஆகிய புலன்களின் செய்திகள் தலாமசின் வழியாகவே புறணியை அடைகின்றன. மோப்பம் மட்டும் தலாமசில் நிற்காமல் அமிக்டலாவுக்கும், ஹிப்போகாம்பசின் வாயிலாக அமைந்த எண்டோரைனல் புறணிக்கும் நேரடியாகச் செல்கின்றது. ஒரு மணம் பழைய நிகழ்வொன்றை அதன் உணர்ச்சியோடு சேர்த்து எழுப்புவதற்கு இவ்வமைப்பு ஒரு காரணமாகச் சொல்லப்படுகின்றது.

பெப்பெஸ் சுற்று

அமெரிக்க உடற்கூற்றியலாளர் ஜேம்ஸ் பெப்பெஸ் 1937 ஆம் ஆண்டில், உணர்ச்சிக்கு மூளையில் உடற்கூற்று அடிப்படை உண்டு என்று கூறி ஒரு சுற்றுப்பாதையை முன்வைத்தார். ஹிப்போகாம்பசிலிருந்து ஃபார்னிக்ஸ் வழியாக மாமில்லரி முடிச்சுகளுக்கும், அங்கிருந்து தலாமசின் முன்பகுதிக்கும், பின்னர் சிங்குலேட் மடிப்புக்கும் சென்று மீண்டும் ஹிப்போகாம்பசையே அடையும் பாதை அது.

இக்கருத்துக்கு அவர் காட்டிய சான்றுகளுள் ஒன்று வெறிநாய்க்கடி நோய் ஆகும். நோயாளி கட்டுக்கடங்காத அச்சத்திற்கும் சினத்திற்கும் ஆளாவார். நீரைக் கண்டாலே தொண்டை இறுகும். ஆயினும் இடையிடையே தெளிவாகப் பேசவும் செய்வார். இறந்தபின் மூளையை ஆராய்ந்தால், 1903 ஆம் ஆண்டில் இத்தாலியரான நெக்ரி விவரித்த நுண்திட்டுகள் ஹிப்போகாம்பசின் நரம்பணுக்களில் மிகுதியாகக் காணப்படும். எனவே உணர்ச்சியின் இருப்பிடம் இதுவே என்று பெப்பெஸ் முடிவு செய்தார்.

சுற்றுப்பாதை உண்மையானது, அதன் தொழிலைப் பற்றிய முடிவுதான் பிற்காலத்தில் மாற நேர்ந்தது. பெப்பெஸ் சுற்று முதன்மையாக நினைவுக்கான பாதை என்பது இன்றைய கருத்தாகும். அவர் குறிப்பிடாத அமிக்டலாவே உணர்ச்சியில், குறிப்பாக அச்சத்தில், பெரும்பங்கு வகிப்பதாக அறியப்பட்டது.

ஹென்றி மொலைசன்

நினைவில் ஹிப்போகாம்பசின் பங்கை உலகிற்கு உணர்த்தியவர், ஆய்வுக் கட்டுரைகளில் 'எச்.எம்.' என்னும் முதலெழுத்துகளால் மட்டுமே அறியப்பட்டிருந்த அமெரிக்கரான ஹென்றி மொலைசன் (1926–2008) ஆவார். அவரது முழுப் பெயர் அவர் இறந்த பின்னரே வெளியிடப்பட்டது.

சிறுவயது முதல் வலிப்பு நோயால் துன்புற்ற இவர், மருந்துகளால் பயன் கிட்டாத நிலையில் 1953 ஆம் ஆண்டில், தமது 27 ஆம் வயதில், வில்லியம் ஸ்கோவில் என்ற அறுவை மருத்துவரால் அறுவைக்கு உட்படுத்தப்பட்டார். இரு பக்கத்துப் பொட்டு மடல்களின் உட்பகுதிகளும் அகற்றப்பட்டன. ஹிப்போகாம்பசின் பெரும்பகுதியும் அமிக்டலாவும் இதில் அடங்கும். வலிப்பு குறைந்தது. ஆனால், அன்று முதல் நிகழ்ந்த எதுவும் அவர் மனத்தில் நிலைக்கவில்லை. நாள்தோறும் பார்த்த ஆய்வாளர்களை அவர் அடையாளம் கண்டதில்லை. படித்த இதழையே புதிது போல மீண்டும் படித்தார். இளமைக்கால நினைவுகள் இருந்தன. அறுவைக்கு முந்தைய சில ஆண்டுகள் மங்கியிருந்தன. அறிவுத்திறனும் மொழியும் பாதிக்கப்படவில்லை. தொலைபேசி எண் போன்ற ஒன்றைச் சில நொடிகள் மனத்தில் வைத்திருக்கவும் அவரால் முடிந்தது. கவனம் சிதறியதும் அது மறைந்துவிடும்.

ஸ்கோவிலும் கனடாவின் உளவியலாளர் பிரெண்டா மில்னரும் 1957 ஆம் ஆண்டில் இதனை வெளியிட்டனர். இத்தகைய அறுவையை இரு பக்கமும் செய்யலாகாது என்ற எச்சரிக்கையாகவும் அக்கட்டுரை அமைந்தது. பின்னர் மில்னர், கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து ஒரு விண்மீன் வடிவத்தின் ஓரத்தைப் பென்சிலால் வரையும் பயிற்சியை அவருக்குக் கொடுத்தார. மூன்று நாட்களில் அவரது கை நன்கு தேறியது. ஆயினும் ஒவ்வொரு நாளும் அப்பயிற்சியை முதன்முறையாகச் செய்வதாகவே அவர் எண்ணினார். கைத்திறன் சார்ந்த நினைவும், சொல்லக்கூடிய நிகழ்வுகளின் நினைவும் வெவ்வேறு பாதைகளில் செல்கின்றன என்பதற்கு இது முதல் உறுதியான சான்றாயிற்று. மிதிவண்டி ஓட்டக் கற்றது எந்த நாள் என்பதை மறந்தவரும் மிதிவண்டியை மறப்பதில்லை என்பதை இதனோடு ஒப்பிடலாம்.

அதிகம் பேசப்படாத மற்றொரு செய்தியும் உண்டு. ஒருமுறை இரவு உணவை உண்டு முடித்தவுடன் தட்டு எடுக்கப்பட்டு, மற்றொரு முழு உணவு அவர்முன் வைக்கப்பட்டது. அதையும் அவர் உண்டார். உண்டதை மறந்தது மட்டும் இதற்குக் காரணமாகாது. வயிறு நிறைந்த உணர்வே அவருக்குச் சரிவர எட்டவில்லை. வலியை மதிப்பிடுவதிலும் அவர் பிறரினின்று வேறுபட்டார். இதற்கு அமிக்டலாவின் இழப்பு காரணமாகக் கருதப்படுகின்றது.

அமிக்டலாவும் அச்சமும்

சிக்காகோவில் ஹைன்ரிக் குளூவரும் பால் பியூசியும் 1930 களின் இறுதியில் ரீசஸ் குரங்குகளின் இரு பொட்டு மடல்களையும் அகற்றினர். அக்குரங்குகள் பாம்பைக் கண்டும் அஞ்சவில்லை; கண்ட பொருளையெல்லாம் வாயில் இட்டன; பாலுணர்வு வரம்பின்றி வெளிப்பட்டது. இந்நிலை குளூவர்–பியூசி கூட்டறிகுறி எனப்படுகின்றது. மனிதரில் இது முழுமையாகக் காணப்படுவது அரிது. அச்சமின்மைக்கு அமிக்டலாவின் சேதமே காரணம் என்பதை 1956 ஆம் ஆண்டில் லாரன்ஸ் வைஸ்கிரான்ட்ஸ் காட்டினார்.

மனிதரில் இதனை ஆராய அரியதொரு மரபுவழி நோய் உதவியது. ஊர்பாக்–வீத்தே என்னும் அந்நோயில் சிலருக்கு இரு அமிக்டலாக்களிலும் சுண்ணாம்பு படிந்து அவை மட்டும் அழிந்துபோகும். 'எஸ்.எம்.' எனக் குறிக்கப்படும் பெண்மணி ஒருவர் பிறர் முகத்தில் மகிழ்ச்சியையும் துயரத்தையும் இனங்கண்டார். அச்சத்தை மட்டும் அவரால் இனங்காண இயலவில்லை என 1994 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு தெரிவித்தது. பாம்புகளைப் பிடிக்காது என்று வாயால் சொல்லியவர், விற்பனைக் கடையில் பாம்பைக் கையில் வாங்கி வியப்புடன் பார்த்துக்கொண்டிருந்தார். ஆயினும் 2013 ஆம் ஆண்டில், கரியமில வாயு 35 விழுக்காடு கலந்த காற்றைச் சுவாசிக்கச் செய்தபோது அவரும் அவரைப் போன்ற வேறு இருவரும் கடும் பீதிக்கு உள்ளாயினர். வெளியிலிருந்து வரும் ஆபத்தை எடைபோட அமிக்டலா தேவைப்படுகின்றது. மூச்சுத்திணறல் போன்று உடலுக்குள்ளேயே எழும் ஆபத்துக்கு அது இன்றியமையாததன்று. எனவே அமிக்டலாவை 'அச்சத்தின் மையம்' என்று சுருக்கிக் கூறுவது பொருந்தாது.

அறிதலும் அஞ்சுதலும்

சுவிட்சர்லாந்து மருத்துவர் எதுவார் கிளாபரேது 1911 ஆம் ஆண்டில் ஒரு சிறு நிகழ்வைப் பதிவு செய்தார். எதையும் நினைவில் கொள்ள இயலாத ஒரு பெண் நோயாளியுடன் கைகுலுக்கும்போது, தம் விரல்களுக்கிடையே ஊசியை மறைத்து வைத்து அவரைக் குத்தினார். சற்று நேரத்தில் அந்நோயாளி அதை மறந்தார். ஆனால், மீண்டும் கை நீட்டியபோது தம் கையை இழுத்துக்கொண்டார். ஏன் என்று கேட்டதற்கு அவரால் காரணம் கூற முடியவில்லை. இன்றைய மருத்துவ அறநெறி இத்தகைய சோதனையை அனுமதிக்காது.

இப்புதிர் 1995 ஆம் ஆண்டில் அந்துவான் பெச்சாராவும் குழுவினரும் மூன்று நோயாளிகளிடம் நடத்திய ஆய்வில் தெளிவடைந்தது. ஒரு குறிப்பிட்ட நிறம் திரையில் தோன்றும்போதெல்லாம் படகுகளில் பயன்படும் ஊதுகொம்பின் பேரொலி எழுப்பப்பட்டது. இவ்வாறு பழக்கியபின், நலமுள்ளவர்களுக்கு அந்நிறத்தைக் கண்டவுடனேயே தோலின் மின்கடத்துமை உயரும். அதாவது உள்ளங்கை வியர்க்கும். அமிக்டலா மட்டும் சேதமுற்றவர் எந்த நிறத்திற்குப் பின் ஒலி வந்தது என்பதைச் சரியாகச் சொன்னார். ஆனால் அவர் உடல் அசையவில்லை. ஹிப்போகாம்பஸ் மட்டும் சேதமுற்றவரின் உடல் அந்நிறத்திற்கு எதிர்வினை காட்டியது. எந்த நிறம் என்று கேட்டால் அவருக்குத் தெரியவில்லை. இரண்டும் சேதமுற்றவரிடம் இரண்டுமே இல்லை. ஒருவர் அறிந்தும் அஞ்சவில்லை. மற்றவர் அறியாமலே அஞ்சினார்.

இயல்பான மூளையில் இவ்விரு பகுதிகளும் இணைந்தே செயற்படுகின்றன. அச்சமோ மகிழ்ச்சியோ மிகுந்த நிகழ்வு ஆழமாகப் பதிவதற்கு, அவ்வேளையில் சுரக்கும் அட்ரினலின் போன்ற இயக்குநீர்களின் தூண்டலால் அமிக்டலா ஹிப்போகாம்பசின் பதிவை வலுப்படுத்துவதே காரணமாகும்.

இடமறிதல்

ஹிப்போகாம்பஸ் இடத்தை அறிவதற்கும் இன்றியமையாதது. எலி ஒரு குறிப்பிட்ட இடத்திற்கு வரும்போது மட்டும் கிளர்ச்சியுறும் நரம்பணுக்களை 1971 ஆம் ஆண்டில் ஜான் ஓ'கீஃப் கண்டறிந்தார். எண்டோரைனல் புறணியில் அறுகோணக் கட்டங்கள் போன்ற ஒழுங்கில் இடத்தை அளக்கும் நரம்பணுக்களை 2005 ஆம் ஆண்டில் மை-பிரிட் மோசரும் எட்வர்ட் மோசரும் கண்டனர். இம்மூவருக்கும் 2014 ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. இலண்டன் நகரின் ஆயிரக்கணக்கான தெருக்களை மனப்பாடம் செய்து உரிமம் பெறும் வாடகைக்கார் ஓட்டுநர்களுக்கு ஹிப்போகாம்பசின் பின்பகுதி பிறரினும் பெரிதாக இருந்ததாக 2000 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வும் நன்கு அறியப்பட்டதாகும்.

நோய்கள்

பொட்டு மடல் வலிப்பு

வயது வந்தோரிடம் மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்புகளில் இது முதன்மையானது. பெரும்பாலும் ஹிப்போகாம்பஸ் ஒன்று சுருங்கி இறுகிப்போயிருக்கும். வலிப்பு தொடங்கும் முன் வயிற்றிலிருந்து ஏதோ மேலெழும் உணர்வு, காரணமற்ற அச்சம், இல்லாத நாற்றம், புதிய இடம் முன்பே பார்த்தது போன்ற தோற்றம் ஆகியன ஏற்படலாம். பின்னர் நோயாளி விழித்தபடியே நினைவற்று, உதட்டைச் சப்புவதும் ஆடையை நெருடுவதுமாக ஓரிரு நிமிடங்கள் இருப்பார். கை கால் வெட்டி இழுப்பதே வலிப்பு என்று எண்ணுவோர் இதனை வலிப்பாகவே கருதுவதில்லை. இதனால் பலர் ஆண்டுக்கணக்கில் மருத்துவம் பெறாமல் இருந்துவிடுகின்றனர். வலிப்பு வந்தவரின் கையில் சாவிக்கொத்தையோ இரும்பையோ திணிக்கும் வழக்கத்தால் பயன் ஏதுமில்லை. பெரும்பாலான வலிப்புகள் தாமாகவே நின்றுவிடும். ஐந்து நிமிடங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

பாதிக்கப்பட்ட ஒரு பக்கத்தை மட்டும் அறுவையால் அகற்றுவது சிறந்த பலன் தருகின்றது. கனடாவில் 80 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2001 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், ஓராண்டு முடிவில் அறுவைக்கு ஒதுக்கப்பட்டவர்களில் 58 விழுக்காட்டினரும், மருந்து மட்டும் பெற்றவர்களில் 8 விழுக்காட்டினரும் தன்னுணர்வைக் குலைக்கும் வலிப்பிலிருந்து விடுபட்டிருந்தனர். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் 1990 களின் நடுப்பகுதியிலிருந்து இவ்வறுவை செய்யப்படுகின்றது. மொலைசனுக்கு நேர்ந்தது மீண்டும் நேராதிருக்க, எஞ்சும் பக்கம் நினைவைத் தாங்குமா என்பது அறுவைக்கு முன் சோதிக்கப்படும்.

வெர்னிக்கே–கோர்சகோஃப் நோய்

தயமின் எனப்படும் உயிர்ச்சத்து பி1 குறைவால் மாமில்லரி முடிச்சுகளும் தலாமசும் சேதமுறுவதே இந்நோய். கார்ல் வெர்னிக்கே 1881 ஆம் ஆண்டில் விவரித்த மூவரில் இருவர் மதுவுக்கு அடிமையானவர்கள். மூன்றாமவர் கந்தக அமிலத்தை விழுங்கியதால் உண்ண இயலாதுபோன தையற்காரப் பெண். குழப்பம், கண்ணசைவுக் கோளாறு, தள்ளாட்டம் ஆகியன தொடக்க அறிகுறிகள். மூன்றும் ஒருசேரத் தோன்றாமலும் இருக்கலாம். மதுவால் வந்த தள்ளாட்டம் என்று ஒதுக்கிவிட்டால் வாய்ப்பு நழுவிவிடும்.

உடனடியாகத் தயமின் ஊசி செலுத்தினால் இந்நிலையை மீட்கலாம். தவறினால், ருசிய மருத்துவர் செர்கேய் கோர்சகோஃப் 1887 ஆம் ஆண்டில் விவரித்த நிலையான நினைவிழப்பு பலருக்கு ஏற்படும். அந்நிலையில் நோயாளி நினைவின் வெற்றிடங்களை நடவாத நிகழ்வுகளால் நிரப்பிப் பேசுவார். அவர் பொய் சொல்வதாகக் குடும்பத்தினர் எண்ணுவர். தாம் சொல்வது உண்மை என்றே அவர் நம்புகின்றார். தயமின் குறைந்த உடலுக்குக் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் எஞ்சியுள்ள தயமினும் செலவாகி நோய் முற்றக்கூடும் என்பதால், தயமினை முன்னதாகவோ உடனாகவோ கொடுப்பர்.

மது அருந்தாதவர்க்கும் இந்நோய் வரும். கருவுற்ற காலத்துக் கடும் வாந்தி, நெடுநாள் பட்டினி, இரைப்பை அறுவை ஆகியன பிற காரணங்கள். நன்கு தீட்டிய பச்சரிசியில் தயமின் பெருமளவு நீங்கிவிடும். புழுக்கும்போது அது தவிட்டிலிருந்து அரிசியின் உட்பகுதிக்குள் செல்வதால் புழுங்கலரிசியில் கூடுதலாக எஞ்சுகின்றது.

மூளை அழற்சி

ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் தீநுண்மி பொட்டு மடல்களையே குறிவைத்துத் தாக்கும். மருத்துவம் இல்லையேல் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் இறப்பர். அசைக்ளோவிர் மருந்து உயிரைக் காக்கின்றது. தாமதித்தால் நினைவு மீள்வதில்லை. 1985 ஆம் ஆண்டில் இந்நோய்க்கு ஆளான ஆங்கிலேய இசையறிஞர் கிளைவ் வேரிங், சில நொடிகளுக்கு முந்தையதையும் மறப்பவரானார். ஆனால் பியானோ வாசிக்கும் திறனையும் மனைவியின்மீது கொண்ட அன்பையும் இழக்கவில்லை.

உடலின் நோயெதிர்ப்புப் பொருள்கள் தன் நரம்பணுக்களையே தாக்கும் வகையும் உண்டு. என்.எம்.டி.ஏ. ஏற்பிக்கு எதிரானது 2007 ஆம் ஆண்டில் ஜோசப் தல்மாவும் குழுவினரும் விவரித்ததாகும். இளம் பெண்களிடம் இது மிகுதி. சிலருக்குச் சூலகக் கட்டி இருக்கும். திடீரென மனம் பிறழ்ந்தது போன்ற பேச்சு, அச்சம், வலிப்பு, உடல் விறைப்பு ஆகியன தோன்றுவதால் மனநோய் என்றோ பேய் பிடித்தது என்றோ கருதப்படுவதுண்டு. மூளைத் தண்டுவட நீரைச் சோதித்து உறுதிசெய்து, கட்டியை அகற்றி, நோயெதிர்ப்பை அடக்கும் மருத்துவம் செய்தால் பெரும்பாலோர் நலம் பெறுகின்றனர். எனவே இளவயதில் சில நாட்களில் முற்றும் மனநிலை மாற்றத்துடன் வலிப்பும் சேர்ந்தால் இதனை நினைவில் கொள்வது இன்றியமையாதது.

அல்சைமர் நோய்

இந்நோயில் நரம்பணுக்களுக்குள் உருவாகும் டௌ புரதச் சிக்கல்கள் பெரும்பாலும் எண்டோரைனல் புறணியில் தொடங்கி ஹிப்போகாம்பசுக்குப் பரவுவதை 1991 ஆம் ஆண்டில் ஹைக்கோ பிராக், ஏவா பிராக் இணையர் படிநிலைகளாக வகுத்தனர். காலையில் உண்டது மறந்து, ஐம்பது ஆண்டுகளுக்கு முந்தையது நினைவிருப்பதும், பழகிய தெருவில் வழி தவறுவதும் இதனால் விளங்கும். அமிலாய்டு புரதத்தை நீக்கும் லெகனெமாப் 2023 ஆம் ஆண்டிலும், டொனனெமாப் 2024 ஆம் ஆண்டிலும் அமெரிக்காவில் முழு ஒப்புதல் பெற்றன. இவை தொடக்க நிலையில் நோயின் வேகத்தை ஓரளவு குறைப்பவையே. இழந்த நினைவை மீட்பவை அல்ல. மூளை வீக்கமும் கசிவும் இவற்றின் பக்கவிளைவுகள்.

பேரிடருக்குப் பிந்தைய மனவடு

போர், விபத்து, வன்முறை ஆகியவற்றுக்கு ஆளானவர்களிடம் அந்நிகழ்வு கட்டுப்பாடின்றி மீண்டும் மீண்டும் மனத்தில் எழும் இந்நோயில் ஹிப்போகாம்பஸ் சிறுத்திருப்பது முன்பே அறியப்பட்டிருந்தது. மன அழுத்தமே அதனைச் சிறுக்கச் செய்தது என்று பலர் கருதினர். வியத்நாம் போரில் ஈடுபட்டோரையும், போருக்குச் செல்லாத அவர்தம் ஒரே கரு இரட்டையரையும் ஒப்பிட்டு 2002 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு வேறொன்றைக் காட்டியது: கடும் மனவடுவுக்கு ஆளானவர்களின், போரையே காணாத இரட்டையருக்கும் ஹிப்போகாம்பஸ் சிறிதாகவே இருந்தது. எனவே சிறிய ஹிப்போகாம்பஸ், ஓரளவுக்கேனும், நோயின் விளைவாக அன்றி நோய்க்கு இடமளிக்கும் முன்நிலையாக இருக்கலாம். மருந்துகளோடு, அச்சமூட்டும் நினைவைப் பாதுகாப்பான சூழலில் படிப்படியாக எதிர்கொள்ளச் செய்யும் உளவியல் மருத்துவமும் இதற்கு அளிக்கப்படுகின்றது. இதில் பழைய அச்சம் அழிக்கப்படுவதில்லை. நெற்றி மடலின் உட்பகுதி அமிக்டலாவை அடக்கக் கற்றுக்கொள்கின்றது. புதிய சூழலிலோ நீண்ட இடைவெளிக்குப் பின்னரோ அச்சம் திரும்பக்கூடுவதற்கும் இதுவே காரணமாகக் கூறப்படுகின்றது.